கனிஷ்காவின் கிட்னியும் சாகாத அப்பாவும்

எங்கள் தெருவில் இப்போது யார் வீட்டுக் குழந்தைக்கு ஆபரேஷன் என்றாலும் என்னிடம்தான் வருகிறார்கள். "டிரஸ்ட்டுல காசு கட்றேன்றாங்க, நம்பலாமாக்கா?" என்று கேட்கிறார்கள். நான் நம்பு என்றும் சொல்வதில்லை, நம்பாதே என்றும் சொல்வதில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது, எழுதியே வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலையைத் தரம் பார்க்கிற வேலை எனக்கு. மூட்டையின் வாயில் கொட்டை திரண்டு, சிவந்து, பார்க்க லட்சணமாக இருக்கும். முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினால்தான் சொத்தையும் மண்ணும் கைக்கு வரும். வருடக்கணக்காக இதே வேலை. சிரித்துக்கொண்டு வருகிற மனிதரைப் பார்த்தாலும் அடியில் என்ன இருக்கிறது என்று என் கை அரிக்கும். என் வீட்டுக்காரர் ஏழுமலை எனக்கு நேர் எதிர். கட்டட வேலைக்குப் போகிறவர், வெளுத்ததெல்லாம் பால் என்று நினைப்பார். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

மகள் கனிஷ்காவுக்கு, ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருடம், அடிக்கடி வயிற்றுவலி வந்தது. சூடு என்றோம். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தோம். வலி வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள், வாந்தி எடுப்பாள், பிறகு ஒன்றுமே நடக்காதது போல எழுந்து விளையாடுவாள். பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறாளோ என்று அவளையும் நான் சந்தேகப்பட்டேன். ஒருநாள் குளிர் ஜுரம் வந்து பல் கிட்டிப்போனது. அப்போதுதான் ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்கக் கிட்னி ஊதியிருக்கிறது என்றார்கள்.

டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கிட்னியிலிருந்து மூத்திரப் பைக்கு ஒரு குழாய் இறங்குகிறது. அந்தக் குழாய் கிட்னியில் சேருகிற இடம் சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே குறுகலாக இருக்குமாம். மூத்திரம் முழுசாக இறங்காமல் கிட்னியிலேயே தேங்கும். தேங்கத் தேங்க ஊதும், ஊதிக்கொண்டே போனால் ஒருநாள் வேலை செய்வதை நிறுத்திவிடும். குறுகிய இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, குழாயை மறுபடி கிட்னியோடு சேர்த்துத் தைப்பதுதான் ஆபரேஷன். அதற்கு முன்னால் புதுச்சேரியில் இன்னொரு ஸ்கேன் எடுத்தோம். ஊசியில் ஒரு மருந்து ஏற்றி, அது ஒவ்வொரு கிட்னி வழியாகவும் எப்படி இறங்குகிறது என்று மெஷினில் பார்க்கிறார்கள். எந்தக் கிட்னி எவ்வளவு உழைக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். "இடது பக்கம் இன்னும் வேலை செய்யுதும்மா. ஆனா தள்ளிப்போட்டா அதை எடுக்க வேண்டி வரும்" என்றார் டாக்டர்.

அரசு மருத்துவமனையில் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள். சென்னையில் எங்களுக்குப் படுத்து எழ ஒரு இடம் கிடையாது. விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் குழந்தைகள் ஆபரேஷன் டாக்டர் ஒருவர் வந்து போகிறார், இல்லாதவர்களுக்கு ஒரு டிரஸ்ட் பணம் கட்டுகிறது என்று யாரோ சொல்ல, ஏழுமலை வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார். அவர் முகம் மலர்ந்திருந்தது. எனக்குக் கை அரித்தது. கிட்னி ஆபரேஷன், அதுவும் ஓசியில்.

மண்டியில் என் பக்கத்தில் உட்காருகிற செல்வி, நான் நினைத்ததை வாயைத் திறந்து சொல்லியே விட்டாள். "ரெண்டா இருக்குற பொருளு. ஒண்ண உருவிக்கினு தையல் போட்டு அனுப்பிட்டா உனக்கு எப்டித் தெரியும்?" அடுத்த மூச்சில் அவளே யோசனையும் சொன்னாள். "போறதுதான் போற, கழுத்துல காதுல ஒண்ணும் போட்டுக்கினு போவாத. மினுக்குன்னு எதையாவது பாத்தா, வசதியானவங்கன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

அது எனக்குச் சரியென்று பட்டது. ஆஸ்பத்திரியில் தூங்குகிறவள் கழுத்தில் தாலியை அறுத்துக்கொண்டு போன கதையெல்லாம் கேட்டிருக்கிறேன். தங்கத் தாலியைக் கழற்றி, திண்டிவனத்திலேயே இருக்கும் நாத்தனார் தேவகியிடம் கொடுத்து வைத்தேன். எங்கள் பக்கத்தில் நகை அடகுக்குப் போனால் பெண்கள் செய்வதுபோல மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கோத்துக் கட்டி, ரவிக்கைக்குள் விட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வெள்ளி மினுக்குகிறதே என்று மெட்டியையும் கழற்றினேன். இருப்பதிலேயே சாயம் போன சேலை. நெற்றியில் கோயில் திருநீறு மட்டும். கண்ணாடியில் பார்த்தபோது திருப்தியாகத்தான் இருந்தது. இவளுக்கு உதவாமல் யாருக்கு உதவுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ஏழுமலைக்குக் கான்கிரீட் போடுகிற வேலை, வர முடியவில்லை. மருத்துவமனையில் நானும் கனிஷ்காவும் நாள் முழுக்கக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு அறையில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். யார் பெயரைக் கூப்பிட்டாலும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். டிரஸ்ட்டிலிருந்து கல்லூரியில் படிக்கிற வயதில் ஒரு பெண் வந்தாள். என் வேலை, வீடு, குழந்தையின் வலி எல்லாவற்றையும் கேட்டு, செல்போனில் எங்களைப் படம் எடுத்துக்கொண்டாள். கனிஷ்காவின் அப்பாவைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன். சம்பாதிக்கிற ஆம்பிளை இருக்கிறான் என்று தெரிந்தால் குறைத்துக் கொடுப்பார்களே என்ற கணக்கும் எனக்குள் இருந்தது.

சீக்கிரமே கூப்பிட்டார்கள். முழுப் பணத்துக்கும் ஆள் கிடைத்துவிட்டது, வந்து சேருங்கள் என்றார்கள். இவ்வளவு ஜல்தியாகவா என்று எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

சேர்த்த அன்று கையில் ஊசிக்குழாய் ஏற்றி, குழந்தை மடக்காமலிருக்க அட்டை வைத்துக் கட்டினார்கள். ரத்தம் எடுக்க வந்த நர்சிடம் இந்த ரத்தம் எங்கே போகிறது, எதற்கு இத்தனை குப்பி என்று கேட்டேன். "உப்பு பாக்க ஒண்ணு, ரத்த குரூப்புக்கு ஒண்ணு. உன் புள்ள ரத்தத்தை நாங்க குடிக்கவா போறோம்?" என்றாள். டாக்டரிடமும் கேட்டேவிட்டேன். "ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு கிட்னியும் இருக்கும்ல சார்?" ஏழுமலை வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் கோபப்படவில்லை. "முடிஞ்சதும் ஸ்கேன் எடுப்போம். உங்க கண்ணாலயே எண்ணிப் பாருங்க" என்றார். எண்ணத்தான் போகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை தேவகி வந்து நின்றாள். கையில் சாப்பாட்டுக் கேரியர், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கேரியரை நங்கென்று வைத்துவிட்டு செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நானும் கனிஷ்காவும் இருக்கிற படம். பின்னால் சோகமாக ஒரு இசை. கீழே எழுத்து ஓடியது: கணவனை இழந்து, மல்லாட்டை மண்டியில் கூலி வேலை செய்து மகளைக் காப்பாற்றப் போராடும் தாய்.

"எந்தம்பி குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே அறுத்துட்டியாடி? ஊரெல்லாம் அனுப்பிக்கினு இருக்குறாங்க. நீ இன்னா சொல்லிக் காசு வாங்குன?"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணி. சத்தியமா சொல்லல."

"உன் கழுத்தையும் நெத்தியையும் பாரு. நீ வேற வாயத் தொறந்து சொல்லணுமா?"

படத்தை மறுபடி பார்த்தேன். தாலி தெரியாத கழுத்து, மெட்டியில்லாத கால், திருநீறு. ஏழையாகத் தெரிய வேண்டும் என்று போனவள் தாலி அறுத்தவளாகப் போய் நின்றிருக்கிறேன். தேவகி அதற்குப் பிறகு திட்டவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள், பிறகு கேரியரைத் திறந்து எனக்கு ரசம் சோறு பிசைந்து கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

டிரஸ்ட்டின் பொறுப்பாளர் ஷர்மிளா மேடத்தைப் பிடித்தேன். நல்ல புடவை, கழுத்தில் அடையாள அட்டை, எப்போதும் இரண்டு செல்போன். ஏழுமலை என் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் அந்தம்மாவின் முகம் மாறியது.

"இவர் யாரு?"

"கனிஷ்காவோட அப்பா."

உடனே எங்களை மாடிப்படி ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். "அந்தப் பொண்ணு புதுசும்மா. உங்களைப் பார்த்து அப்படி நினைச்சு எழுதிட்டா. ஆனா இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. உங்க குழந்தைக்கு முழுச் செலவையும் ஒரே ஒருத்தங்க ஏத்துக்கிட்டாங்க. அவங்க கணவரை இழந்தவங்க. அந்த மாதிரித் தாய்மாரோட குழந்தைங்களுக்குத்தான் குடுப்பாங்க. இன்னிக்கு மத்தியானம் உங்களைப் பார்க்க வர்றாங்க. பார்த்துட்டுத்தான் பணம் கட்டுவாங்க. அண்ணன் ஒரு மணி நேரம் மட்டும் கீழ இருக்கட்டும்."

புதுப் பெண் தவறாக எழுதினாளா, விதவை என்றால் பணம் சீக்கிரம் வரும் என்று தெரிந்தே எழுதினார்களா? எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. "நாங்க ஆபரேஷனே பண்ணிக்கல, இட்டுக்கினு போறோம்" என்று கிளம்பப் பார்த்தேன். ஏழுமலைதான் என் கையைப் பிடித்தார்.

"ஒரு மணி நேரம் செத்தவனா இருந்தா நான் இன்னா செத்தா பூடுவேன்? புள்ள பொழைக்கணும். நான் டீக்கடையாண்ட நிக்கிறேன். பாப்பாவுக்கு பன்னு வாங்கியாறேன்னு சொல்லு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் படியிறங்கும்போது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அந்த ஷர்மிளா மேல் வந்தது, செல்வி மேல் வந்தது. எல்லாவற்றையும்விட, கண்ணாடியில் பார்த்துத் திருப்திப்பட்ட என் மேல் வந்தது.

மத்தியானம் அந்தம்மா வந்தார். காரில் வருவார், கூட நாலு பேர் போட்டோ எடுக்க வருவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். தனியாக, தோளில் துணிப்பையோடு, பஸ்ஸில் வந்த களைப்போடு வந்தார். விஜயா என்று பெயர். ரிட்டயர் ஆன டீச்சர். வெளிர் நிறப் புடவை, வெறும் நெற்றி. கனிஷ்காவிடம் கலர் பென்சில் டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நான் மூட்டையைப் பார்க்கிற பார்வைதான் அது.

"அவர் போய் எவ்வளவு நாளாச்சும்மா?" என்று கேட்டார்.

ஷர்மிளா மேடம் முந்திக்கொண்டு, "ரெண்டு வருஷம் ஆச்சு மேடம்" என்றார். அவர் அதைத் தடுமாறாமல் சொன்ன விதத்தில் எனக்கு உடம்பு கூசியது.

"எனக்கு நாலு வருஷம்" என்றார் விஜயா அம்மா. "சமைக்கும்போதுதான் ரொம்பத் தெரியும், இல்ல? ரெண்டு பேருக்கு அரிசி போட்டுட்டு, அப்புறம் பாதியை டப்பாவுல திருப்பிப் போடுவேன்."

எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. அப்போது பென்சில் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த கனிஷ்கா, "எங்கப்பாவுக்கும் காட்டணும். கீழ போயிருக்குது, பன்னு வாங்கியாரும்" என்றாள்.

ஷர்மிளா மேடம் சிரித்தார். "இவ மாமாவை அப்பான்னுதான் கூப்பிடுவா மேடம். பாவம், குழந்தைக்கு நினைவில்ல."

விஜயா அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "அப்படியாம்மா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. விடிந்தால் ஆபரேஷன். தள்ளிப்போட்டால் கிட்னியை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொன்னது காதிலேயே நின்றது. இதுவரை சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு வந்தது. ஆனால் அரிசியைத் திருப்பிப் போடுகிற அந்தம்மாவின் எதிரில், டீக்கடையில் பன் வாங்கிக்கொண்டு நிற்கிறவரை என் தலையை ஆட்டியே சாகடிக்க எனக்கு வரவில்லை. ரவிக்கைக்குள்ளிருந்து மஞ்சள் கயிற்றை இழுத்து வெளியே போட்டேன்.

"உசுரோடதாங்க இருக்காரு. கீழ டீக்கடையாண்ட நிக்கிறாரு. ஏழையாத் தெரியணும்னு நான்தான் எல்லாத்தையும் கழட்டிட்டு வந்தேன். டிரஸ்ட்டுல தெரிஞ்சேதான் அப்டி எழுதுனாங்களான்னு எனக்குத் தெரியாது."

விஜயா அம்மா அந்த விரலி மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். பையைக்கூட எடுக்காமல் வாசல்வரை போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். பின்னாலேயே ஓடிய ஷர்மிளா மேடம் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். "போனையே எடுக்க மாட்டேங்கிறாங்க. உங்க புள்ளை சோத்துல நீங்களே மண்ணள்ளிப் போட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழுமலை பன்னோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "இன்னும் கொஞ்ச நாழி செத்தே இருந்திருப்பேனே" என்று மட்டும் சொன்னார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அன்று இரவு யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. இனிமேல் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று மட்டும் நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் ஏதாவது இருந்தால் அது மேலே ஏறி மூச்சுக்குழலில் போய்விடுமாம்.

காலையில் பச்சை உடுப்பு மாட்டி கனிஷ்காவைத் தள்ளிக்கொண்டு போக வந்தார்கள். "பணம்?" என்று கேட்டேன். "கட்டியாச்சும்மா, நகரு" என்றாள் நர்ஸ். யார் கட்டினார்கள்? அவளுக்குத் தெரியவில்லை. ஷர்மிளா மேடமும் அங்கே இல்லை. நல்ல செய்திதானே என்று ஏழுமலை கைகூப்பினார். எனக்கு அதுதான் பெரிய பயமாகிவிட்டது. கொடுப்பவர் போய்விட்டார், பணம் மட்டும் எப்படி வந்தது? செல்வி சொன்னது திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. பணத்துக்குப் பதில் உள்ளேயிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளப் போகிறார்களா? கதவைத் தட்டி நிறுத்துங்கள் என்று சொல்லிவிடலாமா என்று எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அந்தக் கதவுக்கு வெளியே இருந்த நேரத்தை என் விரோதிக்கும் கொடுக்க மாட்டேன்.

டாக்டர் வெளியே வந்து, குறுகலை வெட்டிச் சேர்த்தாகிவிட்டது என்றார். தையல் ஆறும்வரை அடைப்பு வராமலிருக்க மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறோம், சில வாரம் கழித்து அதை எடுத்துவிடுவோம் என்றார். நான் கேட்டது ஒன்றுதான். "ஸ்கேன் எப்ப சார்?"

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். மூன்றாவது நாள் கட்டிலுக்கே மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கறுப்பு வெள்ளையாக என்னவோ அசைந்தது. "இது வலது, இது இடது" என்று காட்டினார். நான் திரையில் விரல் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நர்ஸ் சிரித்தாள். சிரிக்கட்டும்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் விஜயா அம்மா மறுபடி வந்தார். ஏழுமலை கட்டிலடியில் உட்கார்ந்து கனிஷ்காவுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சட்டென்று எழுந்து, பழக்கத்தில் வெளியே போகப் பார்த்தார்.

"நீங்கதானா?" என்றார் அந்தம்மா. "இருங்க. ஆதார் அட்டை இருக்கா?"

ஏழுமலை சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தம்மா அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. நான் எடுத்தவுடனே யாரையும் நம்பறதில்ல" என்றார். எனக்கு முதல் முறையாக அவரைப் பிடித்துப்போனது.

"பணம் நீங்கதான் கட்டினீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே கீழ கவுன்டர்ல கட்டிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஷர்மிளாகிட்ட சொல்லல. அவங்களை நான் விசாரிக்க வேண்டியது தனியா இருக்கு."

"அப்ப ஏம்மா ஒண்ணுமே சொல்லாம எழுந்து போயிட்டீங்க? ராத்திரி முழுக்க நாங்க செத்துப் பொழைச்சோம். பொய் சொல்லிட்டோம்னு கோவமா?"

அந்தம்மா என் கழுத்தைப் பார்த்தார். தேவகி கொண்டுவந்து கொடுத்த தங்கத் தாலியை அன்று காலைதான் மாட்டியிருந்தேன்.

"கோவம் இல்லம்மா" என்றார். "நீ அந்தக் கயித்தை வெளிய எடுத்துப் போட்டே பாரு. எனக்குப் பொறாமையா இருந்தது. ஒரு சின்னக் குழந்தை படுத்திருக்கிற கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டு, இவளுக்கு இருக்காரே, எனக்கு இல்லையேன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் எப்படி உங்க முகத்தைப் பார்க்கிறது? அதான் போயிட்டேன்."

ஏழுமலை உரித்த ஆரஞ்சில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினார். அந்தம்மா வாங்கிக்கொண்டு, அவருக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.